சரி பொத்தான், ரத்து பொத்தான்

ஸோம்பா
ஜூலை 4

இல்லை, மைக் அணைந்திருக்கவில்லை. அணைந்திருந்தால் இந்தக் கடிதம் இருந்திருக்காது. உன் அழைப்பையும் எடுத்திருப்பேன்.

இனி எடுக்கப்போவதில்லை. கேட்க வேண்டியதை எழுதிக் கேள்.

என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாமலேயே “பீட்டா என்றால் அப்படித்தான்” என்று ஒரு குறுஞ்செய்தி. நீ லிலோங்வேயில் உட்கார்ந்து கண்ணால் வேலை செய்கிறவன். அத்தை மகளுக்குக் கண் தெரியாது, அவளுக்குக் கம்ப்யூட்டர் படித்துச் சொல்லும், அவள் அதை வானொலியில் திருப்பிச் சொல்வாள். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் எப்படிச் செய்தி வாசிக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

கேள். இடது காதில் நீ. நம் மொழியில் பேசும் குரல் ஒன்று வேண்டும், பதிவு செய்ய வேறு யாரும் கிடைக்கவில்லை என்று உன் குரலையே கொடுத்தாயே, அந்த நீ. வீட்டில் உன்னை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன். ஒலிபரப்பு அறையில் பேச்சு வேகத்துக்கு இறக்கிவிடுவேன். வலது காதில் வோங்கானி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் இருந்து நேரம் சொல்வான். நீ வாக்கியத்தின் பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது நான் அதன் தொடக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்பதும் சொல்வதும் ஒரே நேரத்தில். நடுவில் யோசிக்க இடம் இல்லை. யோசித்தால் பின்தங்குவேன்.

நேற்றுக் காலை, செய்தி முடிந்து மரண அறிவிப்புகள். இந்த நாட்டில் மந்திரி பதவி விலகினாலும் யாரும் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்ட மாட்டார்கள். மரண அறிவிப்புக்குக் கூட்டுவார்கள். பெரியவர் லைசன் சிக்காப்பா, மலூங்கா கிராமம், அடக்கம் நாளை மறுநாள், மூத்த மகன் பிளான்டயரிலிருந்து வந்து சேர்ந்ததும். அந்த இடத்தில் நீ நின்றாய். உன் இடத்தில் அந்த அயல்நாட்டுப் பெண் வந்தாள். கணினியோடு பிறந்த குரல். ஆங்கிலத்தில் சொன்னாள்: இந்தச் செயலி இந்தப் பதிப்புடன் பொருந்தாது. சரி பொத்தான். ரத்து பொத்தான்.

என் வாயும் சொன்னது. ஆங்கிலத்தில், அதே துக்கக் குரலில், இறுதியில் குரலைத் தாழ்த்தி. ரத்து பொத்தான் என்று முடித்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

வலது காதில் வோங்கானி: “ஏய் தியா, என்ன பண்றே? யாருக்குப் பொத்தான்?” பிறகு ஒரு துதிப்பாடலைப் போட்டு மூடினான்.

என் தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அப்போது சொல்வார்கள். இது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் புதிய இயங்குதளத்தின் பீட்டாவை, இன்னும் சோதனையில் இருக்கிற பதிப்பை, என் கணினியில் போடச் சொன்னாய்.

பழைய பதிப்புக்கு எப்படித் திரும்புவது? அதை மட்டும் எழுது. சுருக்கமாக. உன் கடிதத்தை எனக்கு அவள்தான் படிக்கப்போகிறாள். நம் மொழியை அவள் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு படிக்கிறாள்.

தியாமிகே


லிலோங்வே
ஜூலை 5

அசுவானி,

அசுவானி முறை என்று அத்தை மகளுக்கு மாமன் மகனை வாய்க்கு வந்தபடி பேசும் உரிமையை நம் ஆட்கள் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதை ஒரே கடிதத்தில் முழுக்கச் செலவழித்துவிட்டாய். கல்யாணம், கருமாதிக்குக் கொஞ்சம் மிச்சம் வை.

முதலில் சிரித்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன். அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு மலூங்கா, மூத்த மகன் என்பதெல்லாம் மறுபடி கண்ணில் பட்டது. பிறகு சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதைவிட நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. புதிய இயங்குதளத்தில் வெளியார் செய்த குரல்கள் உள்ளே நுழையும் வாசலையே மாற்றிவிட்டார்கள். பழைய வாசலைச் சுவர் வைத்து அடைத்தாயிற்று. நான் புது வாசலுக்கு ஏற்றபடி குரலைத் திருத்தி எழுதினேன், உனக்கு அனுப்பினேன். சோதிக்காமல் அனுப்பவில்லை. “காலை வணக்கம்”, “இன்று மழை பெய்யும்” என்றெல்லாம் சொல்லவைத்துப் பார்த்தேன். கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசவைத்துப் பார்க்கவில்லை. எந்த மனிதன் கால் மணி நேரம் நிறுத்தாமல் தன் குரலையே கேட்பான்?

செப்டம்பரில் இது எல்லோருக்கும் வந்துவிடும். பாதிப் பேருக்கு அது கேட்காமலேயே தன்னை நிறுவிக்கொள்ளும். அன்றைக்கு இந்தக் குரல் தயாராக இல்லை என்றால், இதை நம்பியிருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், வக்கீல்கள், நீ, எல்லோருடைய கணினியும் ஒரே காலையில் நம் மொழியை மறந்துபோகும். அதைச் செய்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நாம் அவர்கள் கணக்கில் இல்லை.

இன்னொன்று. வேலை செய்கிற கணினியில் பீட்டாவைப் போடாதே என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். உன்னிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்ததே, அதில் ஏன் போடவில்லை?

திரும்பலாம். முழுவதும் துடைத்துவிட்டுப் பழைய பதிப்பைப் போட வேண்டும். ஆனால் உன் பெயர்க் கோப்பு போய்விடும். பீட்டா முதல்முறை திறந்ததுமே அதைப் புது வடிவத்துக்கு மாற்றியிருக்கும், பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாது. மூன்று வருடமாக ஊர்ப்பெயர், ஆள்பெயர், தலைவர்கள் பெயர் எல்லாவற்றையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீ அந்தக் குரலுக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும். காப்புப் பிரதி இருக்கிறதா?

இருக்கிறது என்று சொல்.

லிம்பானி


ஸோம்பா
ஜூலை 8

பழைய லேப்டாப் புதிய பதிப்பைத் தாங்காது என்று சொன்னதே நீதான். மார்ச்சில் இங்கே வந்தபோது. “அதைக் கோழி அடைகாக்க வெச்சுக்கோ” என்றாய். மறந்துவிட்டாய்.

காப்புப் பிரதி இருந்தது. அது இருந்த வெளி வன்தட்டைச் செருகியதும் பீட்டா அதையும் புது வடிவத்துக்கு மாற்றிவிட்டது. நல்ல பிள்ளை. கேட்கவே இல்லை.

சிக்காப்பாவின் மூத்த மகன் நிலையத்துக்கு வந்தார். மேலாளர் திருமதி கச்சலே என்னை உள்ளறையில் போய் உட்காரச் சொன்னார். கதவு மெல்லியது.

“எங்கப்பா சாவுல யாருங்க அந்தப் பொத்தான்?”

“மெஷின் கோளாறுங்க. நிலையத்தோட சார்புல நான்...”

“எங்கம்மா கேக்குறாங்க, அது ஏதும் இங்கிலீஷ் ஜெபமான்னு. நான் என்னன்னு சொல்றது? எங்க ஊர்ல பாதிப் பேரு ஆமென்னு வேற சொல்லியிருக்கானுங்க. படிச்ச பொண்ணைக் கூப்பிடுங்க.”

வெளியே வந்தேன். என் கோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. “அட, நீயாம்மா. பரவால்லம்மா, விடு.”

அந்த இறக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தியிருக்கலாம்.

“பரவால்லன்னு சொல்லாதீங்க. தப்பு என்னோடது. அடக்கத்துக்கு வரேன்,” என்றேன்.

போனேன். சித்தேஞ்சேத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சாவு வீட்டுக்குக் கொடுக்கும் மாவுப் பாத்திரத்தோடு. பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். குளிர்காலத்துச் சிப்பெரோனித் தூறல், நிற்கவும் இல்லை, பெய்யவும் இல்லை. எல்லோரும் நனைந்துகொண்டே பாடினோம். கொஞ்ச தூரத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேரன்முறைக்காரர்கள். சாவு வீட்டில் அவர்கள் மட்டும் எதையும் சொல்லிச் சிரிக்கலாம், தெரியுமல்லவா. மண்வெட்டிச் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது:

“தள்ளுடா மண்ண. சரி பொத்தான்!”

“கல்லு வந்திருச்சு மாமா.”

“அப்ப ரத்து பொத்தானை அமுக்கு. தாத்தாவ எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்!”

பெரியவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். அதனால் என் கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போய்விட்டது. உன்னிடம் வைக்கிறேன்.

மறுநாள் திருமதி கச்சலே அழைத்தார்.

“சாவு வீட்டுல மன்னிச்சாச்சு, நல்லது. நான் அப்படி விட முடியாது தியாமிகே. இருபத்தாறாம் தேதி நிர்வாகக் குழு வந்து உக்காந்து உன் வாசிப்பைக் கேக்கப் போறாங்க. அதுவரைக்கும் வோங்கானி படிப்பான்.”

“அவன் மரண அறிவிப்பைக் கால்பந்து மேட்ச் மாதிரிப் படிக்கிறான் மேடம்.”

“கால்பந்து பரவால்ல. பொத்தான்தான் கூடாது. உன் மாமன் பையன் சோதனையெல்லாம் வீட்டோட இருக்கட்டும்.”

சனிக்கிழமை துடைக்கப்போகிறேன். பெயர்கள் போனால் போகட்டும்.

தி.


லிலோங்வே
ஜூலை 11

அசுவானி,

துடைக்காதே. துடைத்துவிட்டாய் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். குற்றவுணர்ச்சி உனக்கு வேண்டியதில்லை, எனக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

உன் முதல் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. நான் கேட்டதே இல்லை என்ற வரி. நேற்று லேப்டாப் திரைமேல் என் கோட்டைப் போட்டு மூடினேன். கண்ணால் பார்க்காமல், நான் செய்த குரலை நானே நிறுவிப் பார்ப்பது என்று முடிவு. பக்கத்து மேசைக்காரன், “என்ன லிம்பானி, கம்ப்யூட்டருக்குக் குளிருதா?” என்றான். ஆமாம் என்றேன்.

முதல் பக்கத்தில் என்ன கேட்டது தெரியுமா? “பொத்தான். பொத்தான். பொத்தான்.” அவ்வளவுதான். குரல் படித்துச் சொல்லும்படி நான் எந்தப் பொத்தானுக்கும் பெயர் வைக்கவில்லை. அழகான படம் வரைந்து வைத்திருக்கிறேன், அம்புக்குறி, பச்சை நிறம், வட்டம். தப்பான பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மறுபடியும். மூன்றாம் முறை கோட்டை எடுத்துவிட்டு, ஏமாற்றி, கண்ணால் பார்த்து முடித்தேன். மூன்று வருடமாக நீ அதை எப்படி நிறுவிக்கொண்டிருக்கிறாய்? ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை?

அன்று நடந்ததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன். நீளமான வாக்கியத்தில் என் குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் இயங்குதளம் அதைச் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. உடனே தன் அறிவிப்பைச் சொல்கிறது. அறிவிப்புகளுக்கு வரிசை கிடையாது, யார் பேசிக்கொண்டிருந்தாலும் முண்டியடித்து முன்னால் வந்துவிடும். மூச்சுப் பிரச்சினையைச் சரிசெய்துவிடலாம். அறிவிப்புகளை நிறுத்த முடியாது. ஆனால் வாசலிலேயே பிடித்து உட்காரவைத்துவிட்டு, நீ வாசித்து முடித்த பிறகு சொல்லலாம். அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் குரலைப் பீட்டாவில் போட்டுப் பார்க்கச் சம்மதித்த மற்ற இரண்டு பேரும் பழைய பதிப்புக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், இன்னொருவருக்குச் சட்டத் தேர்வு. அவர்கள் மேல் தப்பில்லை. நீயும் போய்விட்டால் நான் பேசி, நானே கேட்டு, நானே நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். “இன்று மழை பெய்யும்.”

உன் வேலையைப் பணயம் வைக்கச் சொல்கிறேன் என்று தெரிகிறது. தெரிந்தேதான் கேட்கிறேன். கேட்கக் கூடாதுதான்.

லிம்பானி


ஸோம்பா
ஜூலை 14

துடைக்கவில்லை. சனிக்கிழமை அதற்காகவே உட்கார்ந்தேன். எல்லாம் அழியும், தொடரவா என்று கேட்டது. விரல் விசையின் மேல்தான் இருந்தது. மலூங்கா என்ற பெயரில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. மூன்றையும் அந்தந்த ஊர்க்காரர்கள் மூன்று விதமாக இழுப்பார்கள். ஏரிக்கரை மலூங்காவில் ஒருவர் இறந்து, மலையடி மலூங்காவை அழைப்பதுபோல அழைத்துவிட்டால், அங்கே ஒருவர் தலையை நிமிர்த்தி, இவளுக்கு எங்களைத் தெரியாது என்பார். விரலை எடுத்துவிட்டேன். உனக்காக அல்ல.

பொத்தான்களைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்றால், எதைச் சொல்ல? இரண்டாவது பொத்தான், பிறகு மூன்றாவது, பிறகு மறுபடி இரண்டாவது. மனப்பாடம். உன்னுடையது மட்டுமில்லை, எல்லாம் அப்படித்தான். புகார் சொல்ல ஆரம்பித்தால் வேறு வேலை நடக்காது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

இத்தனை நாளும் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். என் வாய் யோசிக்காமல் பின்னாலேயே போவது உன் குரல் என்பதால் என்று. சின்ன வயதில் ஆற்றங்கரையில் நீ முன்னால் போவாய். இடது பக்கம் பள்ளம், கல் வருது, குனி என்று சொல்லிக்கொண்டே. நான் ஓடி வருவேன், யோசிக்க மாட்டேன். ஒலிபரப்பு அறையிலும் அதுவேதான் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, இருக்கட்டும்.

அன்றைக்கு அவள் பேசினாள். அவளை எனக்குத் தெரியாது. அவள் மொழி வேறு. என் வாய் அவள் பின்னாலும் போனது. கொஞ்சமும் தயங்கவில்லை.

அப்படியென்றால் அது நீ என்பதால் இல்லை. என் வாய் யார் பின்னாலும் போகும். இரவெல்லாம் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். வாசிப்பது யார்? அந்த அறையில் நான் எங்கே இருக்கிறேன்? நிலையத்துக்கு வேண்டியது ஒரு குழாய் என்றால் நான் நல்ல குழாய். அவ்வளவுதானா?

உன் பிழைத்திருத்தம் வந்தால் அனுப்பு. போட்டுப் பார்க்கிறேன்.

தியாமிகே


லிலோங்வே
ஜூலை 15

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

இணைப்பில் இரண்டாவது பதிப்பு இருக்கிறது. மூச்சுக் கோளாறு இனி வராது. அறிவிப்புகள் எதுவும் குறுக்கே வராது. எதுவுமே. நீ வாசிக்கும்வரை உன் காதில் ஒரே ஒரு குரல்தான் இருக்கும். அது யாருடையதாக இருந்தாலும் சரிதான் என்கிறாய், எனவே என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நிறுவுவதற்கு இரண்டாவது பொத்தான், மூன்றாவது, இரண்டாவது. இன்னும் பெயர் வைக்க நேரம் கிடைக்கவில்லை.

லிம்பானி


ஸோம்பா
ஜூலை 19

போட்டேன். நீ வந்துவிட்டாய். லேசாக மூக்கடைத்த மாதிரி இருக்கிறாய், ஆனால் நீதான்.

வோங்கானியை எதிரில் உட்காரவைத்து முந்தாநாள் செய்தி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் எதுவும் வரவில்லை. “அப்படியே ரேடியோ மாதிரி இருக்கு தியா,” என்றான். “ரேடியோதானடா இது,” என்றேன். இருபத்தாறாம் தேதி மரண அறிவிப்புகளையும் நானே படிக்கலாம் என்று திருமதி கச்சலே ஒப்புக்கொண்டார். குழு அதைத்தான் கேட்க விரும்புமாம்.

அந்தக் கடிதத்தில் உன்னைக் காயப்படுத்துவதற்காக எதையும் எழுதவில்லை. உண்மை என்பதால் எழுதினேன். இரண்டுக்கும் வலி ஒன்றுதான் போலிருக்கிறது.

கோபமா?


லிலோங்வே
ஜூலை 20

கோபம் இல்லை. வேலை இருக்கிறது.


ஸோம்பா
ஜூலை 27

நேற்று மாலை நீ வோங்கானியை அழைத்துக் கேட்டாயாம். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். “சூப்பரா முடிச்சா, வேலை கிடைச்சிருச்சு, ஆனா வேணாம்னுட்டா.” வரிசை சரி. நடுவில் நடந்ததை நான் சொல்கிறேன்.

குழுவினர் மூவர். பக்கத்து அறையில், தேநீரும் மண்டாசிப் பணியாரமுமாக, ஒலிபெருக்கியைச் சுற்றி. செய்தி தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு எழுந்தது. மைக்கும் ஒலிபரப்புக் கருவியும் அதில் ஓடும். என் கணினியைச் செருகியிருந்த இடத்துக்கு அதன் மின்சாரம் வராது. எனக்கு அது தெரியாது. யாருக்கும் தோன்றவும் இல்லை. என் பாட்டரி பழையது, பீட்டா அதை எருமை தண்ணீர் குடிப்பதுபோலக் குடிக்கிறது.

கணினி உன்னிடம் சொல்லியிருக்கும் லிம்பானி. பாட்டரி குறைகிறது. மிகவும் குறைகிறது. இப்போதே செருகவும். நீ ஒவ்வொன்றையும் வாசலிலேயே பிடித்து உட்காரவைத்தாய். என் வாசிப்பைக் கெடுக்கக் கூடாது என்று. அத்தனை அறிவிப்புகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க, கணினி செத்துப்போனது.

இரண்டாவது மரண அறிவிப்பு. எஸ்நார்ட் கவிலா, ஏரிக்கரை மலூங்கா. அவரை இழந்து வாடும் பிள்ளைகள். பிள்ளைகள் என்ற சொல்லோடு இடது காது காலியானது. அந்த அயல்நாட்டுப் பெண்ணும் வரவில்லை. யாருமே இல்லை.

என் வாய் நின்றது. பின்னால் போக ஆள் இல்லாமல், அது முதல்முறையாக எனக்காகக் காத்திருந்தது.

சொன்னேன்: “என் கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. எஸ்நார்ட் அம்மாவோட வீட்டுக்காரங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. பேரை விட்டுட்டுப் போக மாட்டேன்.” பிறகு மைக்கை அணைக்காமலேயே, “வோங்கானி, உன் மைக்கைத் திற. தாளைப் பாத்து நீ சொல்லு, நான் சொல்றேன்.”

“தியா, ஒலிபரப்புல இருக்கோம்.”

“தெரியும். சொல்லு.”

அவன் தாளை எடுத்துப் படித்தான். ஒரு பெயரை முழுவதும் கேட்டேன். அது முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னேன். அடுத்த பெயர். கேட்டேன், சொன்னேன். கடைசி மருமகனின் ஊரை அவன் தப்பாக இழுத்தான். “அப்படி இல்லடா, ரெண்டாவதுல ஏத்திச் சொல்லணும்,” என்று சொல்லிவிட்டு நான் சரியாகச் சொன்னேன். தென்பகுதி முழுவதும் கேட்டிருக்கும். கேட்கட்டும். மெதுவாகத்தான் போனது. ஆனால் அந்த அறையில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரிந்தது. கேட்பதற்கும் சொல்வதற்கும் நடுவில்.

முடிந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். குழுத் தலைவருக்கு வயதான, அன்பான குரல்.

“நல்லா சமாளிச்சே மகளே. வேலை உனக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. இனிமே அந்தத் தம்பி தாளோட உன் பக்கத்துலயே உக்காந்திருக்கட்டும். நாளைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்.”

திருமதி கச்சலே மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். சரி என்று சொல் என்று பொருள்.

“வேணாங்கய்யா,” என்றேன்.

“ஏம்மா?”

“தாளோட ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தா, இவரையே படிக்கச் சொல்லிடலாமேன்னு கொஞ்ச நாள்ல உங்களுக்குத் தோணும். அப்புறம் எனக்கும் தோணிடும். தனியா வாசிக்கிறேன். இன்னொரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க.”

“இன்னொரு தடவையும் நின்னுபோச்சுன்னா?”

“அப்ப வீட்டுக்குப் போயிடறேன்.”

வெளியே வந்ததும் திருமதி கச்சலே, “கைக்கு வந்ததைத் தட்டிவிட்டியேடி கிறுக்கி,” என்றார். பிறகு, “செப்டம்பர் கடைசிவரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது,” என்றார். செப்டம்பரில்தான் அந்தப் புதிய இயங்குதளமும் எல்லோருக்கும் வருகிறது. உனக்கும் எனக்கும் ஒரே மாதம்.

நான் பயப்படுகிறேன். அதையும் எழுதிவிடுகிறேன். நேற்றிலிருந்து கையில் எதை எடுத்தாலும் கீழே வைக்க மறந்துபோகிறது.

இனி எதைப் பிடித்து வைப்பது, எதை உள்ளே விடுவது என்று நீ தீர்மானிக்காதே. நான் சொல்கிறேன், நீ எழுது. பாட்டரி எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரலாம், யாருடைய சாவாக இருந்தாலும். உன் குரல் செத்துப்போவதாக இருந்தால் அதையும் முன்னதாகவே சொல்லட்டும். அந்தப் பெண்ணே வந்து சொல்லட்டும். வாயைக் காக்கவைக்க எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியவில்லை என்றால் இந்த இரண்டு மாதத்தில் பழகிக்கொள்கிறேன். வரும் வாரத்திலிருந்து தினமும் மதியச் செய்தியை வெற்று அறையில் வாசிக்கப்போகிறேன். எங்கே தடுக்கிறது என்று அன்றன்றைக்கு எழுதுகிறேன். பள்ளி ஆசிரியரின் முகவரியை அனுப்பு, அவரிடமும் நானே பேசிப் பார்க்கிறேன்.

குரலை மாற்றாதே. வேறு யாரையாவது பதிவு செய்யலாமா என்று வோங்கானியிடம் கேட்டாயாம். வேண்டாம். யார் பின்னாலும் போகும் வாய்தான். ஆனாலும் யார் முன்னால் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்ன.

உன் மூன்றாவது பதிப்பு இன்று காலை வந்தது. பாட்டரி அறிவிப்பை மட்டும் பிடித்து வைக்காமல் உள்ளே விட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய், நான் கேட்பதற்கு முன்பே. மேசைக்கு அடியில் கைவிட்டு மின்செருகியை அழுத்திப் பார்த்தேன். பிறகு நிறுவத் தொடங்கினேன்.

தியாமிகே